ஆளுநர் உரை: மக்களுக்குச் சேர வேண்டிய கணக்கு

ஆண்டின் முதல் கூட்டத்தில் சட்டப்பேரவையில் வாசிக்கப்பட வேண்டிய உரை, தமிழ்நாட்டில் 2023 முதல் 2026 வரை ஆண்டுதோறும் மோதலில் முடிந்தது. இந்த மோதலில் உண்மையில் இழப்பது யார்?

மார்கழி முடிந்து தை பிறக்கும் நாட்களில் சென்னை பரபரப்பாக இருக்கும். மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரிகள் ஓய்ந்து, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி களைகட்டும். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பொங்கல் துணி எடுக்க வந்த கூட்டம் அடிமேல் அடி வைத்து நகரும். பெரும்பாலும் இதே நாட்களில்தான் கிண்டி மாளிகையிலிருந்து ஆளுநரின் கார் புறப்பட்டுப் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போகிறது. அணிவகுப்பு மரியாதை, பேரவைத் தலைவரின் வரவேற்பு, தமிழ்த்தாய் வாழ்த்து, ஆளுநரின் ஆங்கில உரை, பேரவைத் தலைவர் வாசிக்கும் அதன் தமிழாக்கம், நிறைவாக நாட்டுப்பண். பல ஆண்டுகள் இந்த வரிசை மாறாமல் நடந்தது. மறுநாள் நாளிதழில் நான்கு பத்தியில் செய்தி வரும். நாமும் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவோம்.

2023 ஜனவரி 9 அன்று அந்த வழக்கம் உடைந்தது. ஆளுநர் ஆர்.என்.ரவி, அச்சிட்ட உரையின் சில பகுதிகளைப் படிக்காமல் தாண்டிச் சென்றார். பெரியார், அம்பேத்கர், காமராசர், அண்ணா, கருணாநிதி ஆகியோரின் பெயர்கள் வரும் இடமும், திராவிட மாடல் ஆட்சி பற்றிய சொற்களும் அவற்றில் அடக்கம். முதல்வர் மு.க.ஸ்டாலின் உடனே எழுந்தார். பேரவை விதி 17-ஐத் தளர்த்தி, அச்சிடப்பட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நாட்டுப்பண் இசைக்கும் முன்பே ஆளுநர் வெளியேறினார்.

2024 பிப்ரவரி 12 அன்று, உரையின் தொடக்கத்தில் சில வரிகளோடு ஆளுநர் நிறுத்திக்கொண்டார். உரையில் உள்ள பல செய்திகளோடு தமக்கு உடன்பாடில்லை என்றார். கூட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நாட்டுப்பண் இசைக்க வேண்டும் என்ற தமது கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றும் சொன்னார். பேரவைத் தலைவர் மு.அப்பாவு தமிழாக்கத்தை முழுவதும் வாசித்தார். 2025 ஜனவரி 6 அன்று ஆளுநர் வந்த சில நிமிடங்களிலேயே உரையைத் தொடாமல் கிளம்பிவிட்டார். தொடக்கத்தில் நாட்டுப்பண் இசைக்கப்படவில்லை என்பதே அவர் தரப்பு சொன்ன காரணம். தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கி நாட்டுப்பண்ணோடு முடிப்பதே இந்தப் பேரவையின் மரபு என்பது அரசின் பதில். 2026 ஜனவரியிலும் உரை ஆளுநரால் வாசிக்கப்படவில்லை.

ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சி விவாதங்கள் யார் யாரை அவமதித்தார்கள் என்பதைச் சுற்றியே ஓடின. அந்த அச்சிட்ட தாள்களில் என்ன எழுதியிருந்தது என்ற கேள்வி எங்கும் எழவில்லை. அதுதான் பெரிய இழப்பு.

எதற்காக இந்த உரை?

அரசியலமைப்பின் 176-ஆவது பிரிவு இதற்கு நேரடியாக விடை சொல்கிறது. ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பிறகும் கூடும் முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் ஆளுநர் உரையாற்ற வேண்டும். அவை எதற்காகக் கூட்டப்பட்டிருக்கிறது என்பதை உறுப்பினர்களுக்கு அறிவிக்க வேண்டும். உரையில் சொல்லப்பட்டவற்றை அவை விவாதிக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவின் அடுத்த பகுதி. நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் ஆற்றும் உரைக்கு 87-ஆவது பிரிவு இதையே விதிக்கிறது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில், ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் உரை கட்டாயமாக இருந்தது. 1951-இல் வந்த முதல் திருத்தம்தான் அதை ஆண்டுக்கு ஒருமுறையாக்கியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாதென்று தீர்ப்பான பிறகு, இடஒதுக்கீட்டைக் காக்கக் கொண்டுவரப்பட்ட திருத்தமாகவே தமிழ்நாடு அதை நினைவில் வைத்திருக்கிறது. ஆளுநர் உரை இன்றைய வடிவத்துக்கு வந்ததும் அதே திருத்தத்தால்தான்.

இந்தப் பிரிவுகளை எழுதிய கைகளில் சில இந்த ஊருடையவை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் சென்னையிலிருந்து மூவர் இருந்தார்கள். லஸ் சர்ச் சாலையில் ஏகாம்ர நிவாஸ் இல்லத்தில் வாழ்ந்த வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஒருவர். என்.கோபாலசாமி ஐயங்கார் இன்னொருவர். உறுப்பினராக இருந்த டி.பி.கைதான் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி மூன்றாமவர், ஆழ்வார்பேட்டை வழியே போகும் டி.டி.கே. சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கும் அரசியலமைப்புத் தலைவர் என்பதில் அரசியல் நிர்ணய சபைக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஆளுநருக்குத் தாமாகச் செலுத்தும் அதிகாரங்கள் இல்லை, கடமைகளே உண்டு என்று அம்பேத்கர் 1949-இல் விளக்கினார்.

அதற்கு முந்தைய காலம் வேறு. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னை சட்டமன்றத்தை, இங்கிலாந்து மன்னரின் சிற்றப்பாவான கன்னாட் கோமகன் 1921 ஜனவரி 12 அன்று கோட்டையில் தொடங்கிவைத்தார். அன்றைய ஆளுநர் பேசியது அவருடைய சொந்தப் பேச்சு. நிதியும் காவலும் அவர் கையில் இருந்தன, முடிவெடுத்தவர் அவர், ஆகவே பொறுப்பும் அவருடையது. மக்கள் வாக்களித்து அமைச்சரவையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபின் முடிவெடுப்பவர்கள் மாறினார்கள். வாசிக்கும் குரல் ஆளுநருடையது என்றாலும், உரை அமைச்சரவையுடையது ஆனது.

உரை உருவாகும் விதம்

ஒவ்வொரு துறையும் தன் சாதனைகளையும் திட்டங்களையும் குறிப்புகளாகத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்புகிறது. அவை தொகுக்கப்பட்டு, முதல்வரின் பார்வைக்குப் போய், அமைச்சரவையின் ஒப்புதல் பெற்று, வரைவு ஆளுநருக்கு அனுப்பப்படுகிறது. ஐயம் இருந்தால் ஆளுநர் கேட்கலாம்; திருத்தம் சொல்லலாம். அரசு நிர்வாகம் குறித்து அவர் கேட்கும் தகவல்களைத் தருவது முதல்வரின் கடமை என்று 167-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, கருத்து வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ள இடமும் நேரமும் உண்டு. அந்த இடம் கிண்டி. பேரவையின் மேடை அதற்கானது அல்ல.

உரை முடிந்ததும் பேரவைத் தலைவரின் அறையில் அலுவல் ஆய்வுக் குழு கூடி, எத்தனை நாள் கூட்டம் என்று முடிவு செய்யும். ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தை முன்மொழிவார். எல்லாக் கட்சியினரும் பேசுவார்கள். கடைசி நாளில் முதல்வர் பதிலுரை தருவார். வரவு செலவுத் திட்ட விவாதம் பணத்தைப் பற்றியது. மானியக் கோரிக்கை விவாதம் ஒரு துறையைப் பற்றியது. ஒரு அரசின் கொள்கை, நடத்தை, வாக்குறுதி அனைத்தையும் ஒரே மூச்சில் எடுத்துவைத்துக் கேள்வி கேட்கும் வாய்ப்பு எதிர்க்கட்சிக்கு இந்த நன்றித் தீர்மானத்தில்தான் கிடைக்கிறது.

அதன் வலு என்னவென்று பிரிட்டன் 1924-இல் பார்த்தது. மன்னர் உரைக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தில் தொழிற்கட்சி கொண்டுவந்த திருத்தம் வென்றது. பால்ட்வின் அரசு விழுந்தது. ராம்சே மெக்டொனால்ட் தலைமையில் முதல் தொழிற்கட்சி அரசு பதவிக்கு வந்தது. நம் மாநிலங்களவையிலும் 2015-இல் கறுப்புப் பணம் பற்றி சீதாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. அரசு கவிழவில்லை என்றாலும், குடியரசுத் தலைவர் உரையில் சொல்லாமல் விட்டதை அவை சேர்த்துச் சொன்னது.

பிற மாநிலங்களின் வழக்கும் தீர்ப்பும்

உரையைச் சுற்றிய சண்டை தமிழ்நாட்டில் பிறந்ததல்ல. 1965-இல் மேற்கு வங்க ஆளுநர் பத்மஜா நாயுடு, அவையின் கூச்சலுக்கு நடுவே உரையின் பிரதியை அவையில் வைத்துவிட்டு வெளியேறினார். அதனால் கூட்டத்தொடரே செல்லாது என்று தொடரப்பட்ட வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1969 மார்ச்சில் அதே மாநிலத்தில் ஆளுநர் தரம்வீரா இரண்டு பத்திகளைப் படிக்க மறுத்தார். முந்தைய ஐக்கிய முன்னணி அரசை 1967-இல் அவர் நீக்கியதைக் கண்டிக்கும் பத்திகள் அவை.

கேரளத்தில் இரண்டு உதாரணங்கள் அருகருகே நிற்கின்றன. 2018-இல் ஆளுநராக இருந்த ப.சதாசிவம், ஈரோடு மாவட்டத்தில் பிறந்து இந்தியாவின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர், உரையின் ஒரு பகுதியை விட்டுவிட்டுப் படித்தார். 2020-இல் ஆரிஃப் முகமது கான், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்க்கும் பத்தி வந்தபோது, தமக்கு இதில் உடன்பாடில்லை, முதல்வர் விரும்புவதால் வாசிக்கிறேன் என்று அவையில் சொல்லிவிட்டு அதை முழுவதும் வாசித்தார். தம் மனசாட்சிக்கும் பதவியின் கடமைக்கும் ஒரே நேரத்தில் மதிப்புக் கொடுத்த செயல் அது. அவரே 2024-இல் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு அமர்ந்தார் என்பதும் வரலாறு.

தெலங்கானாவில் அரசே வேறு வழியைக் கண்டது. 2022 வரவு செலவுத் திட்டக் கூட்டத்தை, முந்தைய கூட்டத்தொடரை முறைப்படி முடித்துவைக்காமல் அதன் தொடர்ச்சி என்று கூட்டினார்கள். புதிய கூட்டத்தொடர் இல்லை, ஆகவே ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனின் உரையும் இல்லை. மறு ஆண்டு அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான மோதல் உயர் நீதிமன்றம் வரை போய், சமரசம் ஏற்பட்டு, 2023 பிப்ரவரியில் அவர் உரையாற்றினார்.

மேற்கு வங்கம், கேரளம், தெலங்கானா, தமிழ்நாடு எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஒன்றியத்தில் ஒரு கட்சி, மாநிலத்தில் அதற்கு எதிர்க்கட்சி என்ற நிலையில்தான் பெரும்பாலும் உரை தடுக்கி விழுகிறது. 1969-இல் கருணாநிதி அரசு அமைத்த ராஜமன்னார் குழு, 1971-இல் அளித்த அறிக்கையில் ஆளுநர் நியமனத்திலேயே மாநிலத்தின் குரல் வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவர் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கையைப் படித்தால், இன்றைய செய்திகளைப் படிப்பதுபோல இருக்கும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பு வெளிப்படையாக விலக்கு அளித்த சில இடங்களைத் தவிர, ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 176-ஆவது பிரிவில் அப்படிப்பட்ட விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே உரையை முழுவதும் வாசிப்பது ஆளுநரின் கடமை. ஒரு வரியை விடுவதும், வாசிக்காமல் போவதும் அந்தக் கடமையிலிருந்து தவறுவதே. நாட்டுப்பண் எப்போது இசைப்பது என்ற வேறுபாடு எவ்வளவு உணர்வுபூர்வமானதாக இருந்தாலும், அது இந்தக் கடமையை ரத்து செய்துவிடாது.

யாரும் கேட்காத பத்திகள்

இப்போது அந்தத் தாள்களுக்கு வருவோம். 2021 ஜூன் 21 அன்று, கொரோனா காரணமாகப் பேரவை கலைவாணர் அரங்கில் கூடியபோது, ஆளுநர் பன்வாரிலால் புரோகித் வாசித்த உரையில் ஒரு அறிவிப்பு இருந்தது. நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன், அரவிந்த் சுப்பிரமணியன், ஜான் த்ரேஸ், எஸ்.நாராயண் ஆகியோர் கொண்ட பொருளாதார ஆலோசனைக் குழு அமைக்கப்படும் என்ற அறிவிப்பு அது. நாடு முழுவதும் அதைப் பேசியது. உரை கேட்கப்பட்டதால் அது செய்தியானது.

2024 உரையோடு இதை ஒப்பிடுங்கள். சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அரசின் ஒப்புதல் ஆண்டுக்கணக்கில் தாமதமாவதை அந்த உரை எடுத்துச் சொன்னது. மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியே நிலத்துக்கடியில் செல்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடம் கச்சேரி சாலை, பனகல் பூங்கா வழியே போகிறது. இரண்டும் மயிலாப்பூரில் சந்திக்கின்றன. லஸ் முனையில் தடுப்புகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டிய ஒவ்வொருவருக்கும், பனகல் பூங்காவில் பேருந்துக்காக நின்ற ஒவ்வொருவருக்கும் அந்தப் பத்தி சொந்தமானது. வேலை ஏன் இழுக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, மாநிலம் எவ்வளவு சுமக்கிறது என்று பேரவையில் கேட்டிருக்கலாம். அன்று மாலை எந்தத் தொலைக்காட்சியிலும் அது தலைப்பாகவில்லை. ஆளுநர் எழுந்து போன காட்சியே திரும்பத் திரும்ப ஓடியது. ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபர் 3 அன்றுதான் வந்தது.

வெள்ளமும் அப்படித்தான். 2015, 2021, 2023 என்று மூன்று முறை சென்னை மக்கள் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார்கள். 2021 மழைக்குப் பின் திருப்புகழ் தலைமையில் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின, மாம்பலம் கால்வாய் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டின் உரையிலும் ஒரு பத்தி இருக்க வேண்டும். எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அரசின் பங்கு

ஆளுநரின் தவறைச் சொல்லும்போது அரசுகளின் தவறையும் சொல்லத்தான் வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் ஆளுநர் உரையில் முதல்வருக்குப் பாராட்டு நிறைகிறது. தொடங்கிய திட்டங்களின் பட்டியல் நீள்கிறது; சென்ற ஆண்டு சொன்னதில் எது நடக்கவில்லை என்ற ஒப்புதல் ஒரு வரிகூட இருப்பதில்லை. விவாதத்துக்கு ஒதுக்கும் நாட்களும் குறைவு. 2023-இல் கூட்டம் ஜனவரி 9-இல் தொடங்கி 13-இல் முடிந்தது. 2025-இல் ஜனவரி 6 முதல் 11 வரை. இதில் உரை நாளும் இரங்கல் தீர்மானங்களும் அடக்கம். 234 உறுப்பினர்கள் கொண்ட அவையில், தன் தொகுதியைப் பற்றி ஒரு உறுப்பினர் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே.

சிங்கப்பூரில் வேறொரு வழக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 5 அன்று அங்கே பதினைந்தாவது நாடாளுமன்றம் தொடங்கியபோது, குடியரசுத் தலைவர் தர்மன் சண்முகரத்தினம் அரசின் திட்டங்களை எடுத்துரைத்தார். தமிழ் வேர் கொண்ட ஒருவர் அந்த இருக்கையில் இருந்து பேசியது நமக்கு மகிழ்ச்சி. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அடுத்து நடப்பதிலிருந்து. அவர் உரையைத் தொடர்ந்து ஒவ்வொரு அமைச்சகமும் தன் திட்டத்தை விரிவாக எழுதி இணைப்பாக வெளியிடுகிறது. பொதுவான வாக்கியங்களில் ஒளிந்துகொள்ள எந்தத் துறைக்கும் இடம் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டின் துறைகள் எப்படியும் குறிப்புகள் அனுப்புகின்றன. அவற்றையே ஒழுங்குபடுத்தி, சென்ற ஆண்டு சொன்னது, இவ்வாண்டு நடந்தது, மீதம் என்று மூன்று பத்தியில் அச்சிட்டு உரையோடு சேர்த்துக் கொடுக்க எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

ஆளுநர் உரையையே நீக்க அரசியலமைப்பைத் திருத்தக் கோருவோம் என்று 2026 ஜனவரியில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். வாசிக்க மனமில்லாதவரை வாசிக்கச் சொல்லி ஆண்டுதோறும் அவமானப்படுவதைவிட அது மேல் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் 176-ஆவது பிரிவை வெறுமனே எடுத்துவிட்டால், அரசு அவையின்முன் ஆண்டுக்கு ஒருமுறை தன் முழுக் கணக்கை வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதோடு போய்விடும். உரையை வாசிப்பவரை மாற்றலாம். கணக்கை ஒழிக்கக் கூடாது. திருத்தம் வருமானால், அந்த இடத்தில் முதல்வரே எழுந்து ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும், அவை அதைக் குறிப்பிட்ட நாட்கள் விவாதித்தே தீர வேண்டும் என்று எழுதப்பட வேண்டும். சொந்தக் கொள்கையைச் சொந்தக் குரலில் சொல்லி, அங்கேயே கேள்விக்கு நிற்பதுதான் மக்களாட்சிக்கு அழகு.

திருத்தம் வரும்வரை மூன்று காரியங்கள் உடனே நடக்க வேண்டும். ஆளுநர், உடன்பாடின்மை இருந்தால் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, உரையை முழுவதும் வாசிக்க வேண்டும். அரசு, புகழ்ச்சியைக் குறைத்து, நிறைவேறாத வாக்குறுதிகளையும் உரையில் சேர்க்க வேண்டும். பேரவை, நன்றித் தீர்மான விவாதத்துக்குக் குறைந்தது பத்து வேலை நாட்கள் ஒதுக்கி, எதிர்க்கட்சியினரின் பேச்சு உட்பட அனைத்தையும் வெட்டாமல் நேரலையில் காட்ட வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. உரை தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. பேரவையின் இணையதளத்தில் கிடைக்கிறது. மயிலாப்பூர், தியாகராய நகர், வேளச்சேரி, சைதாப்பேட்டை வாக்காளர்கள் ஒவ்வொருவரும் அதைத் தரவிறக்கி, தங்கள் பகுதியைத் தொடும் பத்திகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் தங்கள் அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து விவாதிக்கட்டும். அடுத்த ஜனவரியில் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் அந்தக் குறிப்போடு போய், இதில் எது நடந்தது என்று கேளுங்கள். கோட்டையில் யார் வாசித்தாலும், யார் வெளியேறினாலும், அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை உங்களிடமிருந்து யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.